ஏழு இருபத்திரண்டு வண்டி

காஜா பேராங், மலாக்கா
7 ஏப்ரல் 1957

அன்புத் தங்கை வேணிக்கு,

அண்ணன் மாணிக்கவாசகம் எழுதுவது. நானும் உன் அண்ணி தனலட்சுமியும் இங்கே சுகம். என் முழங்கால் வலியையும் அவளுடைய வாயையும் விட்டுவிட்டுச் சொன்னால். சிங்கப்பூரில் நீ எப்படி இருக்கிறாய்? உன் பள்ளித் தலைமையாசிரியை இன்னும் எல்லா வேலைக்கும் உன்னைத்தான் கூப்பிடுகிறாளா? அவளை நான் மறக்கவில்லை. போன வருஷம் நான் வந்தபோது உட்காரச் சொல்லாமல் பேசியவள்.

ஒரு நல்ல செய்தி. நம் தெருமுனையில் இருக்கும் பழைய ரயில் நிறுத்தத்தை இடிக்கப் போகிறார்கள். ஆகஸ்டு முப்பத்தொன்றாம் தேதி சுதந்திர ஊர்வலம் இந்த வழியாகப் போகிறது. சாலையை அகலமாக்க வேண்டும், கொட்டகை இடைஞ்சல். கோப்பு என் மேசைக்கு வந்திருக்கிறது. எழுத்தர்களுக்கெல்லாம் மேலே இருக்கும் பெரிய கிராணி நான் குறிப்பு எழுதினால் துரை கையெழுத்துப் போடுவார். என் ஆங்கிலத்துக்குக் கையெழுத்துப் போடுவதுதான் இத்தனை வருஷமாக அவர் பார்க்கும் வேலை. ஜூலை முடிவதற்குள் எழுத வேண்டும். எனக்கு ஒரு பக்கம் போதும்.

ஜப்பான்காரன் தண்டவாளத்தைப் பிடுங்கிச் சயாமில் புதுப் பாதை போடக் கொண்டுபோய்ப் பதினான்கு வருஷம் ஆகிறது. அதற்குப் பிறகு தம்பின் ஜங்ஷனிலிருந்து மலாக்காவுக்கு ரயில் இல்லை. ரயில் வராத இடத்தில் நிறுத்தம் எதற்கு? நாலு தூண், தகரக் கூரை, ஒரு பெஞ்சு. மழை வந்தால் ஆடுகளும் ரிக்‌ஷாக்காரர்களும் ஒதுங்குகிறார்கள்.

இதை நினைவுச்சின்னமாக வைக்க வேண்டும் என்று ஓர் ஆள் ஊரைக் கூட்டிக்கொண்டிருக்கிறான். யார் என்று ஊகித்திருப்பாய். சேதுராமன்தான். போன வியாழக்கிழமை அலுவலகத்துக்கு வந்தான். ஒன்றரை மணி நேரம் காக்க வைத்தேன். பத்திரிகை படித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். அவனுக்குக் கோபமே வரவில்லை. அதுதான் எனக்குப் பிடிக்கவில்லை.

நீ மறந்திருக்கலாம், நான் மறக்கவில்லை. 1941 செப்டம்பர் முதல் தேதி, திங்கட்கிழமை. கோலாலம்பூர்ச் செயலகத்தில் எனக்கு நேர்முகத் தேர்வு. ஏழு இருபத்திரண்டு வண்டியில் தம்பின் போய் அங்கே மாற வேண்டும். நம் வீட்டுக் கடிகாரப்படி ஏழு பதின்மூன்றுக்கே, விசில் சத்தம் கேட்டு ஓடி, நான் நிறுத்தத்தின் பக்கத்தில் வந்துவிட்டேன். வண்டியின் வால்தான் தெரிந்தது. நிறுத்தத்துக்குப் பொறுப்பாக இருந்த சேதுராமன் பச்சைக்கொடியைச் சுருட்டிக்கொண்டு நின்றான். கேட்டால், அன்று முதல் அரசாங்கம் நாடு முழுவதும் கடிகாரத்தைப் பத்து நிமிஷம் முன்னால் தள்ளிவிட்டதாம். நம் வீட்டுக் கடிகாரம் ஒவ்வொரு ஞாயிறும் என் கையால் சரிபார்க்கப்படுவது. அதில் தப்பு இல்லை. சங்கதி அவனுக்கு முன்பே தெரியும். நம் வீட்டைத் தாண்டித்தான் தினமும் போகிறான். ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். ஓடி வருகிற ஆளைப் பார்த்தாவது கொடி காட்டாமல் இருந்திருக்கலாம். அதற்கு முந்தின வருஷம் ஊர் பார்க்க என்னிடம் டிக்கெட்டைக் காட்டச் சொன்னவன்தானே. என் முகம் தெரியாதா அவனுக்கு?

எனக்குப் பதிலாக அந்த வேலைக்குப் போனவன் இன்று கோலாலம்பூரில் கார் ஓட்டுகிறான். நான் சைக்கிள் மிதிக்கிறேன்.

கொட்டகை விழும் நாளில் உன் அண்ணியைப் பாயசம் வைக்கச் சொல்லப் போகிறேன். வெயிலில் அலையாதே. வேளைக்குச் சாப்பிடு.

என்றும் உன் நலம் நாடும்
அண்ணன்


சிங்கப்பூர்
21 ஏப்ரல் 1957

அன்புள்ள அண்ணன் அவர்களுக்கு,

வணக்கம். நான் நன்றாக இருக்கிறேன். அண்ணிக்கு என் அன்பு. உங்கள் முழங்காலுக்கு ஒரு தைலம் இத்துடன் வருகிறது. வலிக்கும் காலில் மட்டும் தேய்க்கவும். போன தடவைபோல இரண்டு காலிலும் தேய்த்துவிட்டு மருந்து சீக்கிரம் தீர்ந்துவிட்டது என்று கடைக்காரரைத் திட்ட வேண்டாம்.

கொட்டகைச் செய்தி படித்தேன். பெஞ்சு இருக்கிறது என்று எழுதினீர்கள். ரயில் நேரம் எழுதிய பலகை இருக்கிறதா? கறுப்புப் பலகையில் வெள்ளை எழுத்து. எழுத்து அச்சுப்போல இருக்கும்.

அலுவலகத்தில் ஒன்றரை மணி நேரம் உட்கார்ந்திருந்தவருக்கு இருமல் இருந்ததா? சயாமிலிருந்து வந்த பிறகு மழைக்காலத்தில் இருமல் வருகிறது என்று கேள்வி. சும்மா கேட்டேன்.

நினைவுச்சின்னம் யாருடைய நினைவுக்கு என்று நீங்கள் எழுதவில்லையே. பாயசத்துக்கு முந்திரி அனுப்புவதா வேண்டாமா என்று அது தெரிந்தால்தான் முடிவு செய்ய முடியும்.

மின்கம்பி பஸ் ஒன்று என் ஜன்னலுக்குக் கீழே நின்று மணி அடிக்கிறது. தபால்பெட்டிக்கு ஓடுகிறேன்.

பணிவுடன்,
கமலவேணி


காஜா பேராங்
12 மே 1957

அன்புத் தங்கைக்கு,

தைலம் வந்தது. வலி குறைந்திருக்கிறது, தைலத்தாலா, மழை நின்றதாலா என்று சொல்ல முடியாது. நீ சுகமாக இருப்பாய் என்று நம்புகிறேன்.

இருமல் பற்றிக் "கேள்வி" என்று எழுதியிருந்தாய். சிங்கப்பூரில் இருக்கும் உனக்கு இதெல்லாம் யாரிடமிருந்து கேள்வி? போகட்டும். இருமல் இருந்தது.

நினைவுச்சின்னம் பதினொரு பேருக்கு. தண்டவாளத்தைப் பிடுங்கியபோது ரயில் ஆள் என்று சேதுராமனையும் அதோடு சேர்த்துச் சயாமுக்குக் கொண்டு போனார்கள். ஆறு மாதம் கழித்து லாரி வந்தது. அதே கொட்டகை முன்னால் நிறுத்தி, அரிசி கொடுப்பதாகச் சொல்லி ஆட்களைக் கூட்டி, காஜா பேராங்கிலிருந்து மட்டும் பதினொரு பேரை அதே சயாம் ரயில் வேலைக்கு ஏற்றிக்கொண்டு போனார்கள். அவர்களில் ஒருவர்கூடத் திரும்பவில்லை. அங்கே அவர்களைப் பார்த்தவன் சேதுராமன் ஒருவன்தான். அவன் மட்டும் வந்தான். பதினொரு பெயரையும் கொட்டகையில் எழுதி வைக்க வேண்டும் என்கிறான்.

இதில் எனக்கு ஆட்சேபம் இல்லை. ஆட்சேபம் அவன் எழுதிக் கொடுத்த மனுவைப் பற்றி. அந்த ஆங்கிலத்தை நீ பார்க்க வேண்டும். இரண்டு பக்கத்தில் பதினேழு பிழை. இறந்துபோன மனிதர்களைப் பற்றி எழுதும்போதாவது எழுவாயும் பயனிலையும் ஒத்துப்போக வேண்டாமா? அவன் முகத்தில் கரி பூசுவதற்காகவே சிவப்புப் பென்சிலால் அத்தனையும் திருத்தி, ஓரத்தில் காரணமும் எழுதித் திருப்பி அனுப்பினேன்.

மறுநாள் காலையிலேயே சுத்தமாக நகல் எடுத்துக்கொண்டு வந்து நின்றான். நான் எழுதியபடியே எல்லாம் திருத்தியிருந்தான். "ரொம்ப நன்றிங்கண்ணே, வக்கீல்கிட்டப் போயிருந்தாக்கூட இவ்வளவு பார்த்திருக்க மாட்டாங்க" என்றான். கிண்டல் என்று நினைத்து முகத்தைப் பார்த்தேன். கிண்டல் இல்லை. புதிய நகலில் மூன்று புதுப் பிழைகள்.

உன் அண்ணி இதைக் கேட்டுவிட்டு, எதிரிக்கு இவ்வளவு சிரத்தையாக வேலை பார்க்கும் ஆளை அவள் பார்த்ததில்லை என்கிறாள். அவளுக்கு விஷயம் புரியவில்லை. என் குறிப்பு இன்னும் இடிக்கச் சொல்லித்தான் இருக்கிறது.

உடம்பைக் கவனித்துக்கொள்.

அண்ணன்

பி.கு. பலகை இருக்கிறது. எழுத்து அழிந்துவிட்டது. 7.22 மட்டும் தெரிகிறது.


சிங்கப்பூர்
20 மே 1957

அன்புள்ள அண்ணா,

நலம். நீங்களும் அண்ணியும் அப்படியே இருக்க வேண்டும்.

சிவப்புப் பென்சில் பகுதியைப் படித்துவிட்டுச் சிரித்ததில் பக்கத்து அறை ஆசிரியை கதவைத் தட்டி என்ன ஆயிற்று என்று கேட்டாள். அந்த மூன்று பிழையையும் திருத்தாமல் விட்டுவிடாதீர்கள். அரைகுறையாகத் திருத்திய மனு மேலே போனால் உங்களுக்கல்லவா கெட்ட பெயர்? துரைக்கு உங்கள் பென்சில் தெரியும்.

முந்திரி அனுப்பவில்லை. பதினொரு பேர் ஏறிப் போன இடம் விழுவதற்குப் பாயசம் வைக்க அண்ணி ஒப்புக்கொள்ள மாட்டார்.

7.22 தெரிகிறது என்று எழுதியதற்கு நன்றி.

அன்பு மறவாத
வேணி


காஜா பேராங்
23 ஜூன் 1957

அன்புத் தங்கைக்கு,

நாங்கள் நலம். உன் கடிதம் பத்து வரிக்கு மேல் வரவில்லை. உடம்பு சரியில்லையா என்று உன் அண்ணி கேட்கிறாள்.

நேற்று கொட்டகையை அளக்கப் போனேன். குறிப்பு எழுத அளவு வேண்டும். அலுவலக நாடா, நோட்டுப் புத்தகம், குடை எல்லாம் எடுத்துக்கொண்டு போனால், உள்ளே டுரியான் வாசனை தெருவரைக்கும் அடிக்கிறது. பெஞ்சின் மேல் வாழையிலை. அதில் டுரியான், மங்குஸ்தான், ரம்புத்தான், ஒரு கிண்ணத்தில் கறுப்புக் காப்பி. பக்கத்தில் பாக்கியம் உட்கார்ந்திருக்கிறாள். உனக்குத் தெரியும், பரம்பரை பரம்பரையாக மலாக்காவிலேயே இருக்கும் செட்டிக் கம்பத்துப் பாக்கியம். பெயர் தமிழ், நெற்றியில் திருநீறு, கட்டுவது சாரோங் கெபாயா, வாயைத் திறந்தால் மலாய். நான் கால் வைக்கப் போனேன்.

"பெரிய கிராணி, ஜாங்ஙான் பிஜாக் சீத்து" என்றாள். அங்கே மிதிக்காதே என்கிறாள், அளக்க வந்த அதிகாரியை.

பழக்காலத்தில் செத்தவர்களுக்குப் பழம் படைக்கிற பார்ச்சு அவர்களுடைய வழக்கம். அதை வீட்டில்தான் செய்வார்கள். ஆனால் அவள் அண்ணன் இராமலிங்கம் வீட்டில் சாகவில்லை. எங்கே, எந்தத் தேதியில் என்றும் தெரியாது. அவன் கடைசியாக நின்றது நான் மிதிக்கப்போன இடம். அதனால் பதினொரு வருஷமாக இங்கேதான் இலை போடுகிறாள். இத்தனை வருஷம் இந்த வழியாக ஆபீசுக்குப் போயும் நான் பார்த்ததில்லை. பார்க்கக் கூடாது என்று அந்தப் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு போனவன் நான்.

படைத்து முடிந்ததும் எனக்கு டுரியான் பிளந்து கொடுத்தாள். வேலை நேரத்தில் ஆறு சுளை சாப்பிட்டேன். இதைத் துரையிடம் சொல்ல மாட்டாய் என்று நம்புகிறேன்.

அளக்க ஆரம்பித்தால் நாடாவின் மறுமுனையைப் பிடிக்க ஆள் வேண்டும். பாக்கியத்துக்கு இடுப்பு வலி. அப்போது சேதுராமன் வந்தான். ஒன்றும் கேட்காமல் முனையைப் பிடித்துக்கொண்டு எதிர்த்தூணுக்குப் போனான். அப்படி நாங்கள் இரண்டு பேரும் ஒரே நாடாவின் இரண்டு முனையில் நின்றோம்.

"பதினெட்டு அடிங்கண்ணே."

"எனக்கும் கண் தெரியும்."

அகலமும் அளந்தாயிற்று. டுரியான் சூடோ என்னவோ, பதினாறு வருஷமாக அலுவலக விஷயம் தவிர அவனிடம் பேசாத நான் வாயைத் திறந்துவிட்டேன். "அன்னிக்கு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா உனக்கு என்ன குறைஞ்சு போயிருக்கும்?"

"சொன்னேங்க."

"யார்கிட்ட?"

அவன் நாடாவை நிதானமாகச் சுருட்டிக்கொண்டே வந்து என் கையில் வைத்தான். "விடுங்கண்ணே. டுரியான் சாப்பிட்டிருக்கீங்க, சூடு. ரெண்டு மங்குஸ்தான் சாப்பிடுங்க" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டான்.

வேணி, அந்தத் தேர்வுக்கு முந்தின சனி ஞாயிறில் நம் வீட்டுக்கு யாராவது வந்தார்களா? அம்மா இப்போது இல்லை. வீட்டில் இருந்தவள் நீ ஒருத்திதான். யாரும் வரவில்லை, அவன் பொய் சொல்கிறான் என்று ஒரு வரி எழுதி அனுப்பு. அந்த ஒரு வரி வந்ததும் என் குறிப்பை எழுதி முடித்துவிடுவேன்.

பழம் நிறையக் கிடைக்கும் காலம். அளவோடு சாப்பிடு.

அண்ணன்


காஜா பேராங்
14 ஜூலை 1957

வேணிக்கு,

நலம்தானே? மூன்று வாரமாகிறது, உன்னிடமிருந்து ஒரு வரியும் இல்லை. உன் அண்ணி தந்தி அடிக்கச் சொல்கிறாள். நோய் என்றால் யாரையாவது எழுதச் சொல். கோபம் என்றால் அதையாவது எழுது. கோபத்துக்கு நான் புதியவன் அல்ல.

கோப்பு முப்பத்தொன்றாம் தேதிக்குள் மேலே போக வேண்டும். நான் கேட்டது ஒரு வரி.

அண்ணன்


சிங்கப்பூர்
22 ஜூலை 1957

அன்புள்ள அண்ணா,

உங்கள் இரண்டு கடிதங்களும் கிடைத்தன. உடம்புக்கு ஒன்றுமில்லை. இந்தக் கடிதத்தை எழுதி எழுதிக் கிழித்துக்கொண்டிருந்தேன், அவ்வளவுதான். அண்ணியிடம் மன்னிப்புக் கேட்டதாகச் சொல்லுங்கள்.

அவர் பொய் சொல்லவில்லை.

சனிக்கிழமை சாயங்காலம் நீங்கள் தேர்வுக்காக முடி வெட்டிக்கொள்ளப் போயிருந்தீர்கள். அவர் வேலிக்கு அந்தப் பக்கம் சைக்கிளிலிருந்து இறங்காமல், ஒரு காலைத் தரையில் ஊன்றிக்கொண்டு நின்றார். "திங்கக்கிழமையிலேருந்து ரயில் டைம் பத்து நிமிஷம் முன்னாடிங்க. வீட்டுக் கடிகாரத்தைத் தள்ளி வைக்கணும். நான் சொன்னா அண்ணன் கேக்க மாட்டாரு. நீங்க சொல்லிடுங்க" என்றார். என்னை நீங்க என்று அவர்தான் முதலில் சொன்னார். எனக்கு அப்போது பத்தொன்பது வயது.

டிக்கெட் சண்டைக்குப் பிறகு அவரோடு யாரும் பேசக் கூடாது என்று நீங்கள் உத்தரவு போட்டிருந்தீர்கள். செய்தியைச் சொன்னால் யார் சொன்னது என்று கேட்பீர்கள். செய்தித்தாளில் பார்த்தேன் என்று சொல்லலாமென்றால் நம் வீட்டுக்குத் தாளே வரவில்லை. நனைந்த தாளை வீசிவிட்டுப் போனான் என்று நீங்கள் ஆறு மாதமாகப் பத்திரிகைக்காரனோடு பேச்சை நிறுத்தியிருந்தீர்கள். படிப்பதற்காகப் பதினைந்து நாள் லீவில் வேறு இருந்தீர்கள். ஆபீசிலும் கேள்விப்பட வழியில்லை.

ஆகவே நானே ஒரு வழி செய்தேன். ஞாயிற்றுக்கிழமை மதியம் எல்லாரும் படுத்திருந்தபோது நாற்காலியில் ஏறிக் கடிகார முள்ளைப் பத்து நிமிஷம் முன்னால் தள்ளிவிட்டேன். எனக்கு என் கெட்டிக்காரத்தனத்தை நினைத்து ஒரே பெருமை.

ஆறு மணிக்கு நீங்கள் வழக்கம்போலக் கைக்கடிகாரத்தோடு வந்தீர்கள். "பத்து நிமிஷம் வேகமா ஓடுதே" என்றீர்கள். மணி அடிக்கும் கடிகாரத்தின் முள்ளைப் பின்னால் திருப்பினால் கெட்டுப்போகும் என்று எங்களுக்கெல்லாம் பாடம் நடத்தியவர் நீங்கள். அதனால் பெண்டுலத்தை விரலால் பிடித்து நிறுத்திக்கொண்டு நின்றீர்கள். சரியாகப் பத்து நிமிஷம். நான் உங்கள் பின்னால் நிலைப்படியில் நின்றேன். நானும் பத்து நிமிஷம் நின்றேன். ஒரு வார்த்தை சொல்ல அது தாராளமான நேரம். சொல்லவில்லை. பிறகு நீங்கள் விரலை எடுத்தீர்கள், கடிகாரம் ஓடத் தொடங்கியது.

மறுநாள் நீங்கள் அவரைத் தெருவில் நிறுத்தி வைத்துத் திட்டியபோதும் நான் சொல்லவில்லை. அவரும் சொல்லவில்லை. என் பெயரை ஒரு தடவை சொல்லியிருந்தால் தப்பித்திருப்பார். 1946-இல் என்னைப் பெண் கேட்டு நம் வீட்டு வாசலில் வந்து நின்றாரே, உட்காரக்கூடச் சொல்லாமல் திருப்பி அனுப்பினீர்களே, அன்றைக்கும் சொல்லவில்லை.

நான் சிங்கப்பூருக்கு வந்தது உத்தியோகத்துக்காக என்று எல்லாரிடமும் சொல்கிறீர்கள். அப்படியே சொல்லுங்கள்.

பெண்டுலத்தைப் பிடித்தது நீங்கள். பேசாமல் நின்றது நான். வந்து சொன்னது மட்டும் அவர். நீங்கள் ஒரு வரி கேட்டீர்கள், இத்தனை வரியாகிவிட்டது.

உங்கள் குறிப்பை நீங்கள்தான் எழுத வேண்டும்.

தங்கை
கமலவேணி


காஜா பேராங்
11 ஆகஸ்டு 1957

அன்புத் தங்கைக்கு,

நாங்கள் நலம். முழங்காலும் நலம்.

பதில் தாமதமாகிவிட்டது. முதல் மூன்று நாள் உன்மேல் கோபமாக இருந்தேன். அடுத்த மூன்று நாள் கடிகாரத்தின்மேல். அதற்குப் பிறகு கோபப்பட வீட்டில் ஆள் இல்லை. உன் அண்ணிமேல் பட்டுப் பார்த்தேன், அவள் இடம் கொடுக்கவில்லை. "கடிகாரத்தை நிறுத்தத் தெரிஞ்ச மனுசனுக்கு இதை நிறுத்தத் தெரியலையே" என்று சொல்லிவிட்டு மீன் கழுவப் போய்விட்டாள்.

ஒன்று எழுதுகிறேன், படித்துவிட்டுக் கிழித்துவிடு. வாரத்துக்கு ஒரு நிமிஷம்கூடத் தப்பாத கடிகாரம் அன்றைக்கு மட்டும் எப்படிச் சரியாகப் பத்து நிமிஷம் வேகமாக ஓடியது என்று இந்தப் பதினாறு வருஷத்தில் இரண்டு மூன்று தடவை எனக்குத் தோன்றியதுண்டு. தோன்றும்போதெல்லாம் எழுந்துபோய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்து உட்காருவேன்.

கோப்பு முப்பத்தொன்றாம் தேதி மேலே போயிற்று. குறிப்பு ஒரு பக்கம் இல்லை, நாலு பக்கம். நான் எழுதியதிலேயே நல்ல ஆங்கிலம் அதுதான். சாலை கொட்டகைக்கு எதிரே ஐந்தடி வளைந்து போகும். நேராகப் போகும் சாலை எதற்கு வளைய வேண்டும் என்று துரை கேட்டார். பதினொரு பேருக்காக என்றேன். கையெழுத்துப் போட்டார்.

உத்தரவைக் கொடுக்கச் சேதுராமனுடைய வீட்டுக்கு நானே போனேன். அலுவலகச் சிப்பந்தி லீவு. சேதுராமன் தாழ்வாரத்தில் அந்த ரயில் நேரப் பலகையை வைத்துக்கொண்டு வெள்ளைச் சாயம் தீட்டிக்கொண்டிருந்தான். உத்தரவைப் படித்துவிட்டு எழுந்து நின்றான். நான் நடந்ததைச் சொன்னேன். ஞாயிற்றுக்கிழமை ஆறு மணிக்கு நடந்ததை.

முதலில் அவனுக்கு விளங்கவில்லை. விளங்கியதும் சிரிக்க ஆரம்பித்தான். இருமல் வந்தது, அதோடும் சிரித்தான். நான் கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன், மூன்று நிமிஷம். கடைசியில் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "பத்து நிமிஷமும் பிடிச்சிக்கிட்டே நின்னீங்களாண்ணே? கை வலிக்கலையா?" என்றான்.

"வலிச்சது" என்றேன்.

கொடியைப் பற்றியும் கேட்டுவிட்டேன். எதற்கு மிச்சம் வைக்க வேண்டும்? நான் சந்தில் ஓடி வருவதைப் பார்த்தபோது பச்சைக்கொடி காட்டியாகிவிட்டதாம். வண்டி நகர்ந்துவிட்டது. டிரைவர் பார்த்து நிறுத்த மாட்டாரா என்று அவசரமாகக் கொடியைச் சுருட்டினானாம். நான் பார்த்தது அதைத்தான்.

அவன் காப்பி போட்டுக் கொடுத்தான். சர்க்கரை அதிகம். குடித்தேன்.

பத்திரிகைக்காரனுடைய மகன்தான் இப்போது தாள் போடுகிறான் என்று கேள்விப்பட்டேன். நாளை முதல் போடச் சொல்லியிருக்கிறேன்.

உடம்பு பத்திரம்.

அண்ணன்


சிங்கப்பூர்
17 ஆகஸ்டு 1957

அன்புள்ள அண்ணா,

உங்கள் மூவரின் நலத்தையும் விரும்புகிறேன். மூவர் என்று தெரிந்தேதான் எழுதுகிறேன்.

கடிதத்தைப் பைக்குள் வைத்துக்கொண்டு வகுப்புக்குப் போனேன். டீச்சர் எதுக்குச் சிரிக்கிறீங்க என்று பிள்ளைகள் கேட்டார்கள். ஐந்தடி வளைகிற சாலையைப் பற்றிச் சொன்னேன். அவர்களுக்குச் சிரிப்பு வரவில்லை.

முன்பு இருமலைப் பற்றிச் சும்மா கேட்டேன் என்று எழுதியிருந்தேன். சும்மா கேட்கவில்லை. இந்தத் தபாலில் இரண்டு தைலப்புட்டிகள் வருகின்றன. முழங்காலுக்கு ஒன்று. நெஞ்சுக்கு ஒன்று. மாற்றிக் கொடுத்துவிடாதீர்கள்.

வேணி


காஜா பேராங்
1 செப்டம்பர் 1957

அன்புத் தங்கைக்கு,

சுதந்திர நாட்டிலிருந்து எழுதும் முதல் கடிதம். நாங்கள் சுகம். நீ எப்படி இருக்கிறாய்? என் தொண்டை கட்டியிருக்கிறது. கத்தினேன். ஐம்பது வயதை நெருங்கும் பெரிய கிராணி தெருவில் நின்று மெர்டேக்கா என்று சுதந்திரக் கோஷம் போட்டுக் கத்தினான் என்று ஊரில் யாராவது சொன்னால் நம்பு.

நேற்று ஊர்வலம் நம் தெருவில் வந்தது. பள்ளிக்கூட பாண்டு, கொம்பாங் பறை தட்டிக்கொண்டு மலாய் இளைஞர்கள், சீனர்களின் சிங்க ஆட்டம், பின்னால் நம் ஆட்கள் நாதஸ்வரத்தோடு. கொட்டகைக்கு எதிரே சாலை வளைகிறதல்லவா, அங்கே எல்லாரும் வேகத்தைக் குறைத்துத் திரும்ப வேண்டியிருந்தது. திரும்பும்போது எல்லார் கண்ணும் பெயர்ப்பலகையின் மேல் பட்டது. சிங்கம்கூட நின்று தலையை ஆட்டிவிட்டுப் போயிற்று. நான் இதற்காகத் திட்டம் போட்டதாகச் சேதுராமன் எல்லாரிடமும் சொல்கிறான். நான் மறுக்கவில்லை.

சாயங்காலம் திறப்பு விழா. பதினொரு பெயரையும் சேதுராமன் படித்தான். ஒவ்வொரு பெயரோடும் அந்த ஆளைப் பற்றி ஒரு விஷயம் சொன்னான்: ஒருவர் நன்றாகப் பாடுவார், ஒருவர் சீட்டில் ஏமாற்றுவார். இராமலிங்கம் சயாமில் முகாம் முழுக்கச் சிரிக்கும்படி தன் தங்கையின் சமையலைக் கேலி செய்வானாம். பாக்கியம் அழுவாள் என்று நினைத்தோம். "அவன் சமைத்தது மட்டும் நன்றாக இருந்ததா" என்று மலாயில் கேட்டாள். கூட்டமே சிரித்துவிட்டது.

நிறுத்தத்தில் முன்பு கடிகாரம் தொங்கிய ஆணி அப்படியே இருக்கிறது. நம் வீட்டுக் கடிகாரத்தைக் கொண்டுபோய் அதில் மாட்டினேன். கூட்டத்தில் சேதுராமன் என்னைச் சாவி கொடுக்கச் சொன்னான். சாவி கொடுத்துப் பெண்டுலத்தைத் தள்ளிவிட்டு உடனே கையை எடுத்துவிட்டேன். எல்லாரும் கை தட்டினார்கள். அவனும் நானும் மட்டும் ஒருவரை ஒருவர் பார்க்கவில்லை, பார்த்திருந்தால் சிரித்திருப்போம்.

இன்று காலை சேதுராமன் நம் வீட்டுக்கு வந்தான். வெள்ளை வேட்டி சட்டை. அவனுக்குப் பெரியவர்கள் யாரும் இல்லையென்று பாக்கியம் தட்டைத் தூக்கிக்கொண்டு முன்னால் வந்தாள். வாசலில் நின்றான். உள்ளே வரச் சொன்னேன். உட்காரச் சொன்னேன். உட்கார்ந்த பிறகு பதினொரு வருஷத்துக்கு முன்னால் கேட்டதையே கேட்டான்.

உன்னைக் கேட்டுச் சொல்கிறேன் என்றேன். அன்றைக்கு உன்னைக் கேட்காமல் பதில் சொன்னவன் நான். இன்றைக்குக் கேட்கிறேன், வேணி. உன் இஷ்டம் என்ன?

அவசரமில்லை என்று அவன் சொன்னான். ஆனால் எங்கள் மூன்று பேருக்கும் அவசரம்தான்.

அண்ணன்


சிங்கப்பூர்
6 செப்டம்பர் 1957

அன்புள்ள அண்ணா,

நலம். இதைவிட நலமாக இருந்ததாக எனக்கு ஞாபகம் இல்லை.

அடுத்த சனிக்கிழமை பள்ளி விடுமுறை தொடங்குகிறது. அன்று காலை ரயில் ஏறித் தம்பினில் இறங்கி மலாக்கா பஸ் பிடிப்பேன். சாயங்காலம் ஐந்து மணிக்குக் காஜா பேராங் வந்துவிடும் என்கிறார்கள். பஸ் அந்தக் கொட்டகைக்கு எதிரே நிற்குமா?

நீங்கள் கேட்டதற்குப் பதில் இதுதான்: அண்ணியைப் பாயசம் வைக்கச் சொல்லுங்கள். முந்திரி கொண்டு வருகிறேன்.

உங்கள்
வேணி


காஜா பேராங்
10 செப்டம்பர் 1957

அன்புத் தங்கைக்கு,

எல்லாரும் நலம். உன் கடிதத்தை உன் அண்ணி தெரு முழுக்கப் படித்துக் காட்டிவிட்டாள். சேதுராமனிடம் நான் படித்துக் காட்டினேன். பாயசம் என்ற இடத்தில் அவன் எழுந்துபோய் வேலியைப் பார்த்துக்கொண்டு நின்றான். நெஞ்சுத் தைலம் வேலை செய்கிறது போலிருக்கிறது, இருமவில்லை.

பஸ் கொட்டகைக்கு எதிரே நிற்கும். நேற்று பஸ் கம்பெனிக்கு ஒரு கடிதம் எழுதி அதற்கு ஏற்பாடு செய்தேன். எதற்கும் டிக்கெட்டைக் கையில் வைத்துக்கொள்; நிறுத்தத்தில் நிற்கப்போகிறவன் யாரையும் பார்த்து டிக்கெட் கேட்கக்கூடிய ஆள்.

ஐந்து மணி பஸ்ஸுக்கு நாங்கள் இரண்டு பேரும் நாலு மணிக்கே போய் நிற்பதாக முடிவு செய்திருக்கிறோம். அவனுடைய கைக்கடிகாரத்தை நான் நம்பவில்லை. என்னுடையதை அவன் நம்பவில்லை.

பத்திரமாக வந்து சேர்.

அண்ணன்
மாணிக்கவாசகம்